லிவியின் 'பதாவினிதாஸ்': 'பதுவை வாடை' என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நடை பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர், 'பதாவினிதாஸ்' (பதாவியம் என்ற ஊரின் சாயல்) என்ற லத்தீன் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தார். வட்டாரத்தன்மை, கொச்சை, திசைச்சொல் வழக்கு என்று மூன்று பரிந்துரைகள் வந்துவிட்டன. அப்படியே எழுத்துப்பெயர்த்துவிட்டால் போதும் என்று மூத்தவர் ஐயா முடித்தும் வைத்துவிட்டார். எனக்கு நான்கிலும் மனம் ஒப்பவில்லை. 'பதுவை வாடை' என்பது என் கட்சி.

லிவி (கி.மு. 59 – கி.பி. 17) வட இத்தாலியில் பதாவியம் ஊர்க்காரர். இன்றைய பாதுவா நகரம்தான் அது. பேரரசர் அகுஸ்துஸ் காலத்தில் ரோமின் வரலாற்றை 142 பாகங்களாக எழுதினார். நமக்கு மிஞ்சியவை 35. அவர் எழுத்தில் 'ஒருவிதப் பதாவியத்தனம்' இருப்பதாகக் குறை சொன்னவர் அவர் காலத்து ரோமானிய எழுத்தாளரும் அரசியல்வாதியுமான அசினியுஸ் பொல்லியோ. பொல்லியோவின் நூல்கள் அழிந்துபோயின. கி.பி. 95 வாக்கில் எழுதிய பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன் இரண்டு இடங்களில் போகிறபோக்கில் சொல்லிவைத்ததால்தான் இந்தச் சொல்லே நமக்குத் தெரிகிறது. பொல்லியோ எதை நினைத்துச் சொன்னார் என்று அவரும் விளக்கவில்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

'கொச்சை' கட்டாயம் கூடாது. குவிந்திலியன் லிவியை வியக்கத்தக்க சொல்வன்மை உடையவர் என்று மெச்சிய அதே வாக்கியத்தில்தான் இந்தக் குறையையும் சொல்கிறார். போதாததற்கு, அதே இடத்தில் கிரேக்க மெய்யியலாளர் தியோஃபிராஸ்டஸ் கதையையும் வைக்கிறார். தியோஃபிராஸ்டஸ் லெஸ்போஸ் தீவுக்காரர், சொல்வளம் மிக்கவர். இருந்தும் ஏதென்ஸ் கிழவி ஒருத்தி அவரை வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பேச்சு அளவுக்கு மீறி ஏதென்ஸ்தனமாக இருக்கிறது என்றாளாம். ஆக, வெளியூர் அடையாளம் தப்பும் தவறுமாகப் பேசுவதால்தான் வெளிப்படும் என்றில்லை. அதிசுத்தமாகப் பேசினாலும் மாட்டிக்கொள்ளலாம். இந்தக் கதைக்குப் பக்கத்தில் 'கொச்சை'யை எப்படி நிறுத்துவது?

'திசைச்சொல்' பரிந்துரைத்த அம்மாவின் வாதத்தில் பலம் உண்டு. குவிந்திலியன் மற்றோரிடத்தில் எத்ருஸ்கச் சொற்கள், சபீனியச் சொற்கள், பிரெனெஸ்தே ஊர்ச் சொற்கள் என்று ரோமுக்கு வெளியே வழங்கிய இத்தாலியச் சொற்களை அடுக்கும்போதுதான் லிவியை இழுக்கிறார். ஆனால் தொல்காப்பியர் திசைச்சொல்லை இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு சேர்த்துச் செய்யுளுக்கு உரியதாகவே ஏற்றுக்கொள்கிறார். அதில் பழிப்பு இல்லை. பொல்லியோ சொன்னது பழிப்பு. மேலும் திசைச்சொல் ஒரு சொல்லைக் குறிக்கும்; நமக்கு வேண்டியது ஒரு தன்மையின் பெயர்.

வட்டாரத்தன்மையிலும் இதே கோளாறு. நடுநிலையான மொழியியல் சொல்லாகப் போய்விட்டது. எந்த வட்டாரம் என்பதும் காணாமல் போகிறது.

இனி, பொருள் என்ன என்ற சண்டை. எழுத்துக்கூட்டல்தான் என்பவர்களிடம் ஒரு சான்று இருக்கிறது. 'சிபி', 'க்வாசி' என்று எழுத வேண்டிய சொற்களை லிவி 'சிபே', 'க்வாசே' என்று எழுதியதாகக் குவிந்திலியனே பதிந்திருக்கிறார். தகவல் தந்த உரையாசிரியர் அஸ்கோனியுஸ் பெதியானுஸும் லிவியைப் பின்பற்றி அப்படியே எழுதியவராம். இகரம் எகரமாகத் திரிந்திருக்கிறது, அவ்வளவுதான். 1939இல் வரலாற்றாசிரியர் ரொனால்ட் சைம் வேறு மாதிரி படித்தார்: பொல்லியோ குத்தியது உச்சரிப்பை அல்ல, பழம்பெருமையிலும் நல்லொழுக்கத்திலும் உருகும் லிவியின் வரலாற்றுப் பார்வையை. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியும் ஒரு கடிதத்தில் பதாவியத்தின் கட்டுப்பாடான ஒழுக்கத்தை ஊரறிந்த செய்தியாகக் குறிப்பிடுவதால் இதையும் தள்ளிவிட முடியாது. மூன்றாவது, பழைய பகை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பணமும் ஆயுதமும் கொடு என்று பதாவியத்தாரை நெருக்கியவர் இதே பொல்லியோ. எஜமானர்களைக் காட்டிக்கொடுத்தால் விடுதலை என்று அடிமைகளுக்கு ஆசை காட்டியும் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்கிறார் பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியுஸ். இத்தனைக்கும் பொல்லியோவும் ரோம் நகரத்துக்காரர் இல்லை, நடு இத்தாலியின் மர்ருசினி இனத்தவர். அவருடைய நடையே சிசரோவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியதுபோல இருக்கும் என்று குவிந்திலியன் கிண்டலடித்திருக்கிறார். இவர் லிவிக்குக் குறை சொன்னாராக்கும்!

எனவே நாம் ஆக்கும் சொல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உச்சரிப்பு, சொல்லாட்சி, மனப்போக்கு மூன்றுக்கும் இடம் தர வேண்டும்; முகச்சுளிப்பும் தெரிய வேண்டும். 'வாடை' இதையெல்லாம் செய்கிறது. வடமொழி வாடை, மொழிபெயர்ப்பு வாடை, அரசியல் வாடை என்று அன்றாடம் சொல்கிறோம். 'மணம்' என்றால் பாராட்டாகிவிடும், 'நாற்றம்' என்றால் வசவாகிவிடும். குவிந்திலியனின் 'ஒருவித' என்ற அடைமொழியும் 'ஒருவித வாடை' என்று நம் வாயில் தானாகவே வந்து உட்காருகிறது. வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று. பதாவியமும் ரோமுக்கு வடக்கே. இது தற்செயல்தான், வாதமாக எடுக்க வேண்டாம்.

'பதுவை' நான் கட்டியதல்ல. 'பதுவைப் பதியர்' என்று புனித அந்தோனியாரைத் தமிழ்க் கத்தோலிக்கர் வேண்டுகிறார்களே, அதே ஊர்தான். தமிழ் ஏற்கெனவே பழக்கிவைத்த பெயர் இருக்கும்போது 'பதாவினிதாஸ்' என்று பல்லை உடைத்துக்கொள்வானேன்? முதல் இடத்தில் மட்டும் லத்தீன் வடிவத்தையும் சேர்த்துத் தரலாம். அந்த அளவுக்கு ஐயாவோடு உடன்படுகிறேன். தலைநகரத்தார் காதில் உறுத்தும் வெளியூர்த்தன்மைக்குப் பொதுச்சொல்லாக 'ஊர்வாடை' என்று தனியாக ஒரு பதிவும் போடலாம்.

கட்டுரையில் இப்படி வரும்: 'லிவியின் நடையில் பொல்லியோ கண்ட பதுவை வாடை எழுத்துக்கூட்டலில் இருந்ததா, எண்ணப்போக்கில் இருந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.'

அதே கட்டுரையில் அடுத்த சிக்கலும் காத்திருக்கிறது. குவிந்திலியன் லிவியின் நடையைப் 'பால்போன்ற செழிப்பு' என்ற பொருள்பட 'லாக்டேயா ஊபர்தாஸ்' என்கிறார். நண்பர் 'பால்வளம்' என்று போட்டிருக்கிறார். பால்வளத்துறை அமைச்சர் நினைவுக்கு வருகிறார், ஐயா. 'பாற்செழுமை' என்று மாற்றலாமா, சொல்லுங்கள்.