காது ஜவ்வு ஆபரேஷன் சேரல, எனக்கு ஆறுற சக்தி கம்மியா?

கேள்வி:
சின்ன வயசுல சீழ் வடிஞ்சு வடிஞ்சு வலது காது ஜவ்வுல ஓட்டை விழுந்துடுச்சு. போன வருஷம் ஆபரேஷன் பண்ணி, காதுக்கு மேல தசையை மூடியிருக்குற மெல்லிசு உறையை எடுத்து ஒட்டுனாங்க. மூணு மாசம் கழிச்சு பாத்தா முன்பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சாம். கையில வெட்டுப்பட்டா ஒரு வாரத்துல ஆறிடுது, இது மட்டும் ஏன்? ரெண்டாவது தடவை பண்ணா சேருமா? ரொம்ப மனசு உடைஞ்சு போயிருக்கேன்.

பதில் 1:
மனச விடாதீங்க சகோ. ஜவ்வுக்கு ஆறுற சக்தி நல்லாவே உண்டு, அடிபட்டு கிழிஞ்ச ஜவ்வு பெரும்பாலும் சில வாரத்துல தானா மூடிக்கும். உங்களது மாதிரி நாள்பட்ட ஓட்டைல என்ன ஆகுதுன்னா, வெளிப்பக்க தோல் ஓட்டையோட ஓரத்துல மடங்கி வந்து உள்பக்க சவ்வோட சேந்துடும், உடம்பு 'இங்க காயமே இல்ல'ன்னு வேலைய நிறுத்திடும். அதான் டாக்டர் முதல்ல அந்த ஓரத்தை சுரண்டி புதுப்புண்ணா ஆக்குறார். ஒட்டுறது வெறும் கட்டடத்துக்கு கட்டுற சாரம் மாதிரி தான், அது மேல உங்க தோல் ஊர்ந்து போய் மூடணும், ஓரத்துல இருந்து ரத்தக்குழாய் வந்து சேரணும். முன்பக்கம் ரத்த ஓட்டம் கம்மி, ஒட்டுனதை தாங்கிப் பிடிக்கவும் இடம் கம்மி, அதனால விட்டுப்போறது அங்கதான் ஜாஸ்தி. உங்க உடம்போட குறைன்னு நினைக்காதீங்க. சிகரெட் உண்டா? சளி, அலர்ஜி?

பதில் 2:
எனக்கும் முதல் தடவை போச்சுங்க, ரெண்டாவது தடவை காது முன்னாடி இருக்குற குருத்தெலும்பை மெல்லிசா சீவி வெச்சாங்க, சேந்துடுச்சு. அது விறைப்பா இருக்குறதால உள்ள இழுத்துக்காது, ரத்தம் வந்து சேர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கும். நான் பண்ண தப்பு, முதல் தடவை ரெண்டாவது வாரத்துலயே மூக்கை பலமா சிந்துனது. காத்து மூக்குக்கு பின்னாடி இருக்குற குழாய் வழியா நேரா காதுக்குள்ள போய் தள்ளிடும். தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க, குளிக்கும்போது வாசலின் தடவுன பஞ்சு வைங்க.

கேட்டவர்:
சிகரெட் உண்டு, டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல. மூக்கடைப்பு வருஷம் பூரா இருக்கு.

பதில் 1:
ரெண்டையும் மறைக்காம சொல்லிடுங்க. நிக்கோடின் சின்ன ரத்தக்குழாய சுருக்கிடும், புகை மூக்குக்குப் பின்னாடி இருந்து காதுக்குப் போற குழாயோட சவ்வை வீங்க வைக்கும், குழாய் சரியா திறக்கலன்னா நடுக்காதுல காத்தழுத்தம் குறைஞ்சு ஒட்டுனது உள்ள இழுபடும். மூக்கை முதல்ல சரி பண்ணிட்டு, காது சில மாசம் ஈரமில்லாம இருந்தப்புறம் தேதி குறிங்க. சுகர் இருக்கான்னும் பாத்துக்கோங்க.