கலைச்சொல் உதவி: பிராஸ்பெக்டர், பயனியர், கிளெய்ம் – வெள்ளிக்கிழமைக்குள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஒரு வரலாற்று நூலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அமெரிக்காவின் பிளாக் ஹில்ஸ் மலைகளில் நடந்த தங்க வேட்டை பற்றிய இயலில் மூன்று சொற்களில் சிக்கி நிற்கிறேன்.

பின்னணி இது. 1868 ஃபோர்ட் லாரமி உடன்படிக்கைப்படி அந்த மலைகள் லகோட்டா உள்ளிட்ட சூ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு உரியவை. வெளியார் அங்கே குடியேறக்கூடாது. 1874 ஜூலையில் கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி ஏறத்தாழ ஆயிரம் பேரோடும் நூற்றுப்பத்து வண்டிகளோடும் உள்ளே போகிறார். கூடவே ஹொரேஷியோ ராஸ், வில்லியம் மெக்கே என்று இரண்டு பேர். பிரெஞ்சு ஓடை மணலில் பொன் பார்த்தவர்கள் இவர்கள்தான். ஆங்கிலத்தில் பிராஸ்பெக்டர் எனப்படும் இவர்களைத் தமிழில் என்ன சொல்வது? 'சுரங்கத் தொழிலாளி' என்றால் பிழை, அப்போது அங்கே சுரங்கமே கிடையாது. நாளிதழ்கள் எழுதும் 'தங்க வேட்டைக்காரர்' ஆளைக் காட்டவில்லை, பேராசையை மட்டும் காட்டுகிறது.

பயனியர் (புதிய இடத்துக்கு முதலில் போகிறவர்), கிளெய்ம் (கனிமம் கண்ட இடத்தின்மேல் கோரும் உரிமை) இரண்டுக்கும் கூடச் சொல் வேண்டும்.

தே.

*

அன்பின் தே.,

நல்ல கேள்வி. தேடுவது வேறு, நாடுவது வேறு. தொலைந்ததைத் தேடுவோம், இருக்குமிடம் தெரியாததை அறிகுறி பார்த்து நாடுவோம். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் மருத்துவன் செய்வது அதைத்தான். மலையின் நிறம், ஓடையின் வளைவு, கல்லின் வகை பார்த்துப் பொன் இருக்குமிடத்தை ஊகிப்பவன் பொன்நாடுநன். பன்மையில் பொன்நாடுநர்.

'பொன்தேடி' என்று யாரேனும் சொல்லக்கூடும். புணர்ச்சி பாருங்கள்: பொன் + தகடு பொற்றகடு ஆவதுபோல், பொன் + தேடி பொற்றேடி ஆகும். அதைப் படிக்கிற மாணவனுக்கு அன்மொழித்தொகைக்குச் சொல்லிக்கொடுத்த 'பொற்றொடி வந்தாள்'தான் நினைவுக்கு வரும். பொன்வளையல் அணிந்த பெண்ணுக்கும் தாடி வளர்த்த மலையேறிக்கும் ஒரே ஓசை ஆகாது.

பயனியருக்கு 'முன்னோடி' நிலைத்துவிட்டது. ஆனாலும் அதன் வேரைப் பார்க்கவேண்டும். பிரெஞ்சு மொழியில் அது முதலில் காலாட்படை வீரனைக் குறித்தது. பிறகு படைக்கு முன்னே போய்க் காடு வெட்டிப் பாதை போடுகிறவன் ஆனான். 1780இல் சென்னையில் அமைந்த பயனியர் படைப்பிரிவுகளும் மண்வெட்டியும் கோடரியுமாகப் போனவைதான். இன்றைய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் தொடக்கம் அது. நம் பழந்தமிழில் படையின் முன்னணிக்குத் தூசி என்றே பெயர். எனவே 'தூசியர்' என்றும் ஆளலாம்.

இரா.

*

இரா. ஐயாவுக்கு வணக்கம்.

நான் மாரிக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா, தாத்தா எல்லாம் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001இல் மூடும்வரை நாங்கள் பார்த்தது பாறைத் தங்கம். ஆனால் சுரங்கம் வருவதற்கு வெகு முன்பே அந்த ஊர் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்திருக்கிறார்கள். 1802இல் வாரன் என்ற நில அளவை அதிகாரி, பொன் காட்டினால் பரிசு என்று சொன்னதும், கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே கழுவிக் காட்டினார்கள்.

நூலில் வரும் ஆள் செய்வதும் அதுதான். தட்டில் ஓடை மணலை அள்ளி, நீர் விட்டுச் சுழற்றுவான். லேசான மணல் விளிம்பு வழியே போய்விடும். கடைசியில் கருமணல் ஒரு பிறைபோல ஒதுங்கி நிற்கும். பொன் இருந்தால் அந்தப் பிறையின் வாலில் இரண்டு மூன்று பொட்டாகத் தெரியும். பொன் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம், வெள்ளைக்கல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். தொழில் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

'நாடுநன்' என்றால் பையன்களுக்கு 'எந்த நாடு?' என்றுதான் தோன்றும். பொன்தேடி போதும். சேர்த்து எழுதவேண்டாம், புணர்ச்சி இல்லாமலே விடுங்கள்.

ம.

*

ம. அண்ணன் சொன்ன அந்தச் சுழற்றலுக்கு எங்கள் யாழ்ப்பாணத்தில் ஏற்கனவே சொல்லும் இருக்கிறது, சட்டியும் இருக்கிறது. அரிசியில் கல் அரிக்கிறதுக்கு உள்ளே வரிவரியாகக் கீறின மண்சட்டி வைத்திருப்போம், அரிக்கன்சட்டி என்று பெயர். தண்ணீரோடு ஆட்ட ஆட்ட அரிசி மேலால் போகும், கல் வரியில் தங்கும். பொன் அரிக்கிற தட்டுகள் சிலவற்றிலும் இதேபோல வரி இருக்கிறது. ஆகவே 'பொன் அரித்தல்' என்றே எழுதுங்கள். அம்மம்மாவைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

'தேட்டர்' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். எங்களுக்குத் தேட்டம் என்றால் உழைத்துச் சேர்த்த சொத்து. எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவனுக்குத் தேட்டம் ஏது?

சி.

*

கிளெய்ம் பற்றி யாரும் பேசவில்லையே. நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். 'பட்டா நிலம்' என்று போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் 1872 சுரங்கச் சட்டத்தில் அப்போது படிகள் இருந்தன. கனிமத்தைக் கண்டவர் முளை அடித்து எல்லை காட்டவேண்டும், பதிவு செய்யவேண்டும், ஆண்டுதோறும் 100 டாலர் மதிப்புக்கு வேலை செய்யவேண்டும் என்று இருந்தது. பட்டா அப்புறம்தான், அது தனி விண்ணப்பம். அதற்கு முன் இருந்தது நம்மூர் அனுபோக பாத்தியம் மாதிரி. எனவே 'சுரங்கப் பாத்தியதை' பொருந்தும்.

வே.

*

பாத்தியதை வடசொல். 'உரிமைக்கோரல்' இருக்கும்போது எதற்கு?

இரா.

*

ஐயா, பதிவாளர் அலுவலகத்தில் போய் உரிமைக்கோரல் என்று சொல்லிப் பாருங்கள், வழக்குப் போட வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். பாத்தியதை என்று பாமரரும் சொல்கிறார். நூற்றாண்டுகளாகப் பத்திரத்தில் இருக்கிற சொல் தமிழ் இல்லை என்றால் எது தமிழ்?

வே.

*

அன்பின் எல்லோருக்கும்,

'பொன் அரித்தல்' எனக்குப் பெரிய கொடை, சி.க்கு நன்றி. 'பொன்தேடி'யையும் எடுத்துக்கொள்கிறேன். ஐயாவின் 'நாடுநர்' பொருளில் நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் நிற்காது.

மற்ற இரண்டிலும் எனக்கு ஒரு சங்கடம். 1874 டிசம்பரில் 28 பேர் கொண்ட கார்டன் குழு ஆனி டாலண்ட் என்ற பெண்ணோடு மலைக்குள் போய் மரவேலி கட்டித் தங்கியது. 1875 ஏப்ரலில் ராணுவம் வந்து அவர்களை வெளியேற்றியது, ஏனென்றால் உடன்படிக்கை அப்படி. அதே ஆண்டு அந்த மலைகளை விலைக்கு வாங்க அரசு 60 லட்சம் டாலர் பேசியது. லகோட்டா மக்கள் மறுத்தார்கள். நவம்பரில் அதிபர் கிராண்ட், தடை இருக்கட்டும், ஆனால் நுழைகிறவர்களை ராணுவம் தடுக்கவேண்டாம் என்று முடிவெடுத்தார். 1876 ஜூனில் கஸ்டர் லகோட்டா உள்ளிட்டோருடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இறந்தார். ஏப்ரலில் வெளியேற்றப்பட்டவர்களும் அடுத்த ஆண்டு வந்தவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். அவர்களை நான் 'முன்னோடி' என்று எழுதினால், யாரும் இல்லாத இடத்துக்கு முதலில் போனவர்கள் என்று பிள்ளைகள் படிப்பார்கள். தமிழில் முன்னோடி புகழ்ச்சொல். சமூகச் சீர்திருத்தக்காரர்களுக்குச் சொல்லும் சொல்.

கிளெய்மும் அப்படியே. அந்த மலைகளில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்கு முளை அடித்தது 1876 ஏப்ரலில். மலைகளைப் பறிக்கும் சட்டம் வந்தது 1877 பிப்ரவரி 28இல்தான். அதற்கு ஒப்புதலாக அம்மக்களின் வயதுவந்த ஆண்களில் முக்கால் பங்கினர் கையெழுத்திடவேண்டும் என்பது உடன்படிக்கை. பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஆக, முளை அடித்த நாளில் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை, பாத்தியதையும் இல்லை. நான் 'முளையடிப்பு' என்று போடலாமா? செய்த காரியத்தை மட்டும் அது சொல்கிறது.

தே.

*

முளையடிப்பு சரி. மாடு கட்டுகிற முளை என்று யாரும் நினைக்கமாட்டார்கள், இடம் தெளிவாக்கும். முன்னோடிக்குப் பதில் 'குடியேறிகள்' போடுங்கள்.

ம.

*

குடியேறிகள் போதாது. புறம்போக்கில் குடிசை போட்டவரை நாம் ஆக்கிரமிப்பாளர் என்கிறோம். உடன்படிக்கையை மீறிப் போனவருக்கு மட்டும் ஏன் மென்மை? 'அத்துமீறிக் குடியேறியவர்கள்' என்று முழுசாக எழுதுங்கள். 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது நியாயமான ஈடு இல்லாமல் எடுத்துக்கொண்ட நிலம் என்று சொல்லிப் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கத் தீர்ப்பளித்தது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று அவர்கள் இன்னும் அதைத் தொடவில்லை.

வே.

*

தீர்ப்பு வேறு, கலைச்சொல் வேறு, வே. அவர்களே. மூலநூலார் பயனியர் என்று எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அவர் சொல்லைத் திருத்தலாமா? அவர் புகழ்ந்தால் புகழ்ச்சியும் தமிழில் வரவேண்டும். மாணவன் அதைப் படித்துவிட்டு மறுக்கட்டும். 'முன்னோடி' மறுக்கப்படவாவது அங்கே இருக்கவேண்டும்.

இரா.

*

ஐயா, நீங்கள் சொன்னதை நேற்றிரவு முழுக்க யோசித்தேன். நூலாசிரியர் தாமே சொல்லும் இடங்களில் 'குடியேறிகள்'. அக்காலச் செய்தித்தாள்களை அவர் மேற்கோள் காட்டும் இரண்டு இடங்களில் மட்டும் 'முன்னோடிகள்', மேற்கோள் குறிக்குள். வே. ஐயா சொன்ன 'அத்துமீறி' கார்டன் குழு வரும் பத்தியில் ஒருமுறை வருகிறது. பொன்தேடி, பொன் அரித்தல், முளையடிப்பு. இப்படியே அனுப்பிவிட்டேன்.

தே.

*

மெய்ப்பு வரும்போது எனக்கும் ஒரு படி அனுப்புங்கள் அம்மா, ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். ஆசிரியர் கூற்றிலும் முன்னோடி என்றே இருந்திருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. தூசிப்படை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

இரா.