ஜீன் தெரபி எடுத்தால் கேன்சர் வருமா? தம்பிக்கு ஹீமோபீலியா, முடிவெடுக்க முடியவில்லை

திற்பரப்புக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ரப்பர் பால்வெட்டுதான் தொழில். தம்பிக்கு 24 வயது, ஹீமோபீலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய், அதிலும் கடுமையான வகை. அடிபட வேண்டும் என்றே இல்லை, சும்மா படுத்திருக்கும்போதே மூட்டுக்குள் ரத்தம் கசியும். போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு வலது முட்டு வீங்கத் தொடங்கியது, அம்மா ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி விடிய விடிய வைத்துக்கொண்டே இருந்தார்கள், காலையில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் எட்டு ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் கால் இப்போது முழுசாக நீட்ட வராது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இதே நோய்க்கு ஜீன் தெரபி, அதாவது வைரஸ் மூலம் நல்ல ஜீனை செல்லுக்குள் ஏற்றும் சிகிச்சை கொடுத்து, ஐந்து பேருக்கு ரத்தக்கசிவே இல்லை என்று படித்தோம். தம்பி அன்றைக்குத் தூங்கவே இல்லை. மறுநாளே சொந்தக்காரர் ஒருவர் போன் போட்டு, "அதெல்லாம் வைரஸை உடம்புக்குள் விடுகிற வேலை, வெளிநாட்டில் பிள்ளைகளுக்குக் கேன்சர் வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டார். அம்மா கேட்பது ஒன்றுதான்: ரத்தம் நிற்காத பிள்ளையைக் காப்பாற்றப் போய் ரத்தப் புற்றுநோயை வாங்கி வைக்கவா? அவர் சொன்னது உண்மையா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி லேப்:
உண்மைதான் தம்பி. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பிள்ளைகளுக்கு, ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் சரியான அளவுக்கு வரும்.

பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைகளுக்கு 1999 முதல் பாரிஸிலும் பிறகு லண்டனிலும் ஜீன் தெரபி செய்தார்கள். மொத்தம் 20 குழந்தைகள். பெரும்பாலோருக்கு எதிர்ப்பு சக்தி வந்தது, ஆனால் சில வருடங்களில் ஐந்து பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, ஒரு குழந்தை இறந்துபோனது. காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குப் புது கரண்ட் லைன் இழுக்கும்போது ஒயர் பக்கத்து வீட்டு மோட்டாரோடு சேர்ந்துவிட்டால், அந்த மோட்டார் நிற்காமல் ஓடும் இல்லையா, அதே கதை. நல்ல ஜீனைக் கொண்டுபோன ரெட்ரோவைரஸ், பெரும்பாலும் குரோமோசோமில் எல்.எம்.ஓ.2 என்ற ஜீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, வைரஸிடம் இருந்த வலுவான ஸ்விட்ச் அதையும் சேர்த்து இயக்கிவிட்டது, அந்த செல் கணக்கில்லாமல் பெருகிவிட்டது.

அதற்கு அப்புறம் அந்த ஸ்விட்ச்சை வெட்டி எடுத்த லென்டிவைரஸ் என்ற இன்னொரு வகை வைரஸுக்கு மாறினார்கள். வேலூரில் பயன்படுத்தியதும் லென்டிவைரஸ்தான், அதில் ஃபேக்டர் ஜீனுக்கு வைத்திருக்கும் ஸ்விட்ச் முக்கியமாகச் சில வகை வெள்ளணுக்களில் வேலை செய்கிற வகை. இது ஆபத்தைக் குறைக்கும், ஆனால் பூஜ்யமாக்காது. மூளையைப் பாதிக்கும் ஏ.எல்.டி. நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை எடுத்த 67 பையன்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-ல் வெளியிட்டார்கள். அதில் நல்ல ஜீனை இயக்க வைத்திருந்த ஸ்விட்ச் ரொம்ப வலுவானது, அதனால் அந்தக் கணக்கை அப்படியே தூக்கி உங்கள் தம்பிக்குப் போட முடியாது. அதே சமயம் ஐந்து பேர் நன்றாக இருக்கிறார்கள் என்பதை வைத்து ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஐந்து பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, காலமும் குறைவு. இப்படிக் குரோமோசோமில் போய் உட்காரும் சிகிச்சை எடுத்தவர்களை 15 வருடம் வரை கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்வது இதனால்தான்.

முட்டுவலி மார்த்தாண்டம்:
எனக்கும் ஹீமோபீலியா ஏ தான், வயது 43. ஜீன் தெரபியில் இரண்டு வகை இருக்கிறது, அதைக் கலந்து பேசுவதால்தான் குழப்பம். ஒன்று, மேலே அக்கா சொன்ன சிகிச்சைகளின் வகை, ரத்த அணுக்களை உருவாக்கும் நம் ஸ்டெம் செல்லை எடுத்து, வெளியில் வைத்து ஜீனை ஏற்றித் திருப்பிப் போடுவது. இன்னொன்று ஏ.ஏ.வி. என்ற வைரஸை நேராக நரம்பில் ஏற்றுவது, அது கல்லீரலுக்குப் போகும், பெரும்பாலும் குரோமோசோமுக்கு வெளியிலேயே இருந்துவிடும். கொஞ்சம் உள்ளேயும் போகும், அதனால் அங்கே கல்லீரல்தான் கவலை. 2020-ல் ஃபேக்டர் ஒன்பது குறையும் ஹீமோபீலியா பி ஆய்வில் ஒருவருக்குக் கல்லீரல் கட்டி வந்து ஆய்வையே நிறுத்தி வைத்தார்கள், பிறகு சோதித்ததில் ஜீன் தெரபி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று வந்தது, அவருக்கு ஏற்கெனவே ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் தொற்று இருந்திருக்கிறது. பழைய காலத்தில் பிளாஸ்மா ஏற்றிக்கொண்ட என்னைப் போன்றவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், பி, சி இரண்டும் டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள். ஸ்டெம் செல் வழியில் போனால், திருப்பிப் போடும் செல்லுக்கு இடம் வேண்டும் என்று முதலில் கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்வார்கள். முடி கொட்டும், சில வாரம் தொற்று பயம், பிறகு பிள்ளை பிறப்பதே சிக்கலாகலாம். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால், விந்தணுவை முன்கூட்டியே சேமித்து வைக்க முடியுமா என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கீமோவுக்கும் பிற்காலப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு, வைரஸை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் எடுப்பேனா என்று கேட்டால், இன்றைக்கு எடுக்க மாட்டேன். ஃபேக்டர் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டிக் கரைத்து நானே குத்திக்கொள்வேன், வண்டி ஓடுகிறது. ஆனால் என் முட்டு இரண்டும் போய்விட்டது, தம்பிக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அவன் கணக்கு வேறே.

குளச்சல் அம்மா:
மக்களே, ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்டெம் செல், ஜீன் என்று பெயர் சொல்லிப் பணம் பிடுங்கும் இடங்களுக்குப் போய்விடாதீர்கள். என் மகனுக்கு வேறு நோய், தசை பலவீனம், ஒரு கிளினிக்கில் தாலிச் செயினை விற்றுக் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

வடசேரி லேப்:
அம்மா சொன்னது ரொம்ப முக்கியம். உண்மையான ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்திய அரசு அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி ஆய்வுச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

திற்பரப்புக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பியையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து முழுசாக வாசித்துக் காட்டினேன். கீமோ விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, அம்மா அதில்தான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்கள். தம்பி நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறான், முதலில் ஆசாரிப்பள்ளம் டாக்டரிடம் வாராவாரம் ஃபேக்டர் போட்டுக்கொள்ள வழி உண்டா என்று கேட்கப் போகிறோம், ஹெபடைடிஸ் டெஸ்டும் அன்றைக்கே. சி.டி.ஆர்.ஐ.யில் எப்படித் தேடுவது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் அக்கா.