கொலைகார பொம்மை, இரண்டாம் பாகம்: ஸ்டூலைக் காட்டலாமா, கூடாதா?

ராத்திரிஷோ:
பொம்மையின் உயரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையைத் தூக்கினாலும் 95-ஐத் தாண்டாது. கதவுக் கைப்பிடி இருப்பது 100 செ.மீ. உயரத்தில். திகில் படத்தின் முதல் பாகத்தில் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. கதவு மூடியிருக்கும், அடுத்த ஷாட்டில் பொம்மை உள்ளே நிற்கும், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தைக் காமெடியாக்க இறங்குபவர்கள் முதல் வேலையாக, பொம்மை ஸ்டூலை இழுத்து வந்து ஏறுவதைக் காட்டிவிடுகிறார்கள். தியேட்டர் சிரிக்கும், சரி. ஆனால் அந்த நொடியே தப்பிக்கும் வழியும் தெரிந்துபோகும்: ஸ்டூலைத் தூக்கி பரண்மேல் போடு! அப்புறம் பொம்மை கையில் எவ்வளவு பெரிய கத்தியைக் கொடுத்தாலும் பயம் வராது. காட்டக் கூடாது என்பது என் கட்சி.

நூலும்கோலும்:
மறைத்தால் மட்டும் பயம் வந்துவிடுமா? 1988-இல் வந்த ‘சைல்ட்ஸ் ப்ளே’யில் பேட்டரி காட்சி ஏன் எடுபட்டது? பெட்டியிலிருந்து பேட்டரி கீழே விழுகிறது. சக்கி என்ற அந்தப் பொம்மை இத்தனை நேரம் பேட்டரி இல்லாமலே பேசியிருக்கிறது என்று சிறுவனின் அம்மாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்தச் சந்தேகத்தை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுப்பவர் விடையைத் தெரிந்துகொண்டே வருகிறார். 1990, 1991 என்று அடுத்தடுத்து வந்த பாகங்களோடு அந்தத் தொடர் ஓய்ந்துதான் கிடந்தது. 1998-இல் ‘ப்ரைட் ஆஃப் சக்கி’யில் இயக்குநர் ரோனி யூ சக்கியின் பக்கத்திலேயே ஒரு பெண் பொம்மையை உட்காரவைத்து, இரண்டுக்கும் குடும்பச் சண்டை மூட்டிவிட்ட பிறகுதான் எழுந்து நடந்தது.

ராத்திரிஷோ:
நடந்து எங்கே போனது? 2004-இல் ‘சீட் ஆஃப் சக்கி’ சிரிப்பை இன்னும் ஏற்றியது. உலக வசூல் முந்தைய படத்தில் ஏறக்குறைய பாதி. 2013-இல் தொடரின் கதாசிரியர் டான் மான்சினியே ஒரே வீடு, சக்கர நாற்காலியில் ஒரு பெண் என்று பயத்துக்குத் திரும்பினார். ரோபோ பொம்மைப் படமான ‘மேகன்’ கதையும் அதே. சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்த முதல் படம் 18 கோடியைச் சுற்றி வசூலித்தது. 2025-இல் வந்த ‘மேகன் 2.0’ 4 கோடியைக்கூடத் தொடவில்லை.

வெட்டுமேசை:
அதைச் சிரிப்பின் கணக்கில் எழுதாதீர்கள். முதல் ‘மேகன்’ படத்திலேயே பொம்மை கட்டடத்தின் நடைகூடத்தில் ஆடிவிட்டுத்தான் கொலை செய்யப் போகிறது. இரண்டாவதில் பொம்மையை நல்லவள் பக்கம் கொண்டுபோய், சண்டைப் படமாக மாற்றினார்கள். மிரட்டலுக்கு இடமே இல்லாமல் போனது.

உண்மையான சிக்கல் எடிட்டிங்கில் இருக்கிறது. பயத்தை வெட்டி வெட்டிச் செய்யலாம்: ஓடும் கால் அரை நொடி, திரைச்சீலை அசைவு, நடிகையின் முகம். மலிவான பொம்மையும் போதும். சிரிப்பை அப்படி வெட்ட முடியாது. ஒரு பொம்மை பேச, மற்றது முறைப்பதை ஒரே ஃப்ரேமில் 5, 6 நொடி விட்டால்தான் சிரிப்பு விழும். அந்த 6 நொடியும் முகம் தாங்க வேண்டும்.

நூலும்கோலும்:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். பொம்மையை இயக்க வாய்க்கு ஒருவர், கண்ணுக்கும் புருவத்துக்கும் ஒருவர், தலைக்கு ஒருவர், கைகளுக்கு இருவர். ஒரு பொம்மைக்கே 5 பேர், இரண்டுக்கு 10. அத்தனை பேரும் ஒளிய, செட் தரையை 120 செ.மீ. உயர்த்திக் கட்டி, பலகைகளைக் கழற்றும்படி வைக்க வேண்டும். கேமராவை மேலே ஏற்றினால் திறந்த பலகை தெரிந்துவிடும்.

அதிகம் கெடுவது உதட்டு ஓரம். சிலிக்கோன் தோல் பார்க்க அழகு, ஆனால் கனம். நாள் முழுக்க இழுத்தால் உதட்டை அசைக்கும் சின்ன சர்வோ மோட்டார் சூடேறி வாய் பாதியில் நிற்கும், ஓரம் கிழியும். ஃபோம் லேடெக்ஸ் என்ற நுரை ரப்பர் லேசானது, ஆனால் சீக்கிரம் நைந்துபோகும். ஆகவே கூடுதல் தோல்கள் வார்த்து வைக்காமல் படப்பிடிப்பைத் தொடங்கவே கூடாது. மோட்டார் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால், நடிகர்களின் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சரிசெய்யவும் நேரம் ஒதுக்குங்கள்.

கண்ணை மறந்துவிடாதீர்கள். இரு விழியும் நேர் இணையாக இருந்தால் அது வெறும் பொம்மை. மூக்குப் பக்கம் இம்மியளவு திரும்பினால் யாரையோ பார்க்கிறது. பயத்துக்கும் சிரிப்புக்கும் அந்த இம்மிதான் ஸ்விட்ச்.

கடைசிவரிசை:
எதற்கு இவ்வளவு பாடு? நொடிக்கு 20 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் பொம்மை தானாகவே சுறுசுறுப்பாகிவிடும். வசனத்தையும் வேகமாக்கி ஒலிக்கவிட்டால் முடிந்தது.

நூலும்கோலும்:
தலைகீழ். திரையில் அசைவு 1.2 மடங்கு வேகமாகும். அதனால் செட்டில் வசனத்தை 83 சதவீத வேகத்துக்குக் குறைத்து ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைக்க வேண்டும். வேகமாக்கினால் ஒரு சொல்லும் உதட்டோடு ஒட்டாது. ஃப்ரேமில் மனிதர், புகை, கொட்டும் தண்ணீர் எதுவும் இருக்கவும் கூடாது. எல்லாமே சேர்ந்து துள்ளும்.

ராத்திரிஷோ:
தொழில்நுட்பம் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி அப்படியே இருக்கிறதே? முகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலவீனத்தைக் காட்டியது காட்டியதுதான்.

வெட்டுமேசை:
காட்டுங்கள், ஆனால் அதையே கடனாக வையுங்கள். 20-ஆவது நிமிடம் ஸ்டூல், சிரிப்பு. 50-இல் நாயகி அதே ஸ்டூலைப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறாள். 70-இல் கைப்பிடி தானாகக் கீழிறங்குகிறது, வெளியே ஸ்டூல் இல்லை. இரண்டாவது பொம்மையின் தோளில் முதல் பொம்மை நிற்கிறது. நீங்கள் சிரித்த அதே கணக்கு: 60 செ.மீ. தோளும் 95 செ.மீ. கையும். இந்தத் தடவை பொம்மை முகத்தைக் காட்டாதீர்கள், வசனமும் வேண்டாம்.

ராத்திரிஷோ:
அந்த 70-ஆவது நிமிடத்துக்குச் சரி. அதற்குள் பஞ்ச் வசனம் நுழைத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

நூலும்கோலும்:
ஸ்டூல் இரண்டு அளவில் செய்யச் சொல்லுங்கள். ஏறும் ஷாட்டுக்கு உடைக்குள் 100 செ.மீ. உயர நடிகரைத்தான் போடுவார்கள், எனவே அந்த செட்டில் எல்லாமே 1.33 மடங்கு. 40 செ.மீ. ஸ்டூல் 53 ஆக வேண்டும், 200 செ.மீ. கதவு 266. அளவை மாற்றுபவர்கள் மரத்தின் ரேகையைப் பெரிதாக்க மறந்துவிடுவார்கள். வெட்டி ஒட்டும்போது ஸ்டூல் மாறியது கண்ணில் குத்தும்.