எரிமலை இல்லாத இடத்தில் ஈயத் தாது எப்படி வந்தது?

கேள்வி:
அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஜோப்ளின் பகுதியிலிருந்து வந்த கலீனாத் துண்டு (ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது) ஒன்று என் மேசையில் இருக்கிறது. நகமளவு கனசதுரங்கள், கையில் எடுத்தால் கனக்கிறது. ஆனால் அது ஒட்டியிருப்பது சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில். பக்கத்தில் எரிமலையும் இல்லை. பிறகு இந்தத் தாது உருவாகத் தேவையான சூடு எங்கிருந்து வந்தது?

பதில் 1:
ஆழத்திலிருந்துதான். கீழே போகப் போக, கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடும். நான்கு கிலோமீட்டர் ஆழத்துப் படிவுப் பாறைகளில் ஊறிய உப்புநீர் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதிலுள்ள குளோரைடு ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துச் சுமக்கும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கே வாஷிட்டா மலைகள் எழுந்தபோது, அந்த நீர் வடக்கே தள்ளப்பட்டது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். வழியில் கந்தகம் கிடைத்த இடத்தில் தாது படிந்தது.

கேள்வி கேட்டவர்:
அவ்வளவு பழைய சூட்டை எப்படி அளந்தார்கள்?

பதில் 2:
இதைப் பார்த்த நாளை நான் மறக்கவே மாட்டேன். துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட்டை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், படிகத்துக்குள் அந்தக் காலத்து நீர்த்துளி, அதற்குள் நீர் ஆறிச் சுருங்கியதால் உண்டான ஒரு குமிழி. மெல்லச் சூடாக்கினால் குமிழி சுருங்கிச் சட்டென மறையும். படிகம் வளர்ந்தபோது குறைந்தது அந்த வெப்பமாவது இருந்திருக்க வேண்டும். இவ்வகைத் தாதுக்களில் அது பெரும்பாலும் 80 முதல் 150 டிகிரி.

பதில் 1:
நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்தும் நீர் ஆறவில்லை என்றால், ஓட்டம் வேகமாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த புதிர் அதுதான்.