முகம் தெரிந்த பெண் உளவாளி ஆக முடியாதா?

மரவட்டை:
நேற்று இங்கே ஒருவர் அந்தப் பாடகி நாவலைத் தூக்கி வைத்து எழுதியிருந்தார். பதினேழு வயதுப் பெண், ஊர் ஊராகக் கச்சேரி, நடுவே உளவு வேலை, மெய்க்காவலனாக வரும் எதிரணிப் பையனோடு காதல். ‘நம்பும்படி இருக்கிறது’ என்று வேறு முடித்திருந்தார். எதை நம்புவது? உளவாளிக்கு முதல் தேவை யாருக்கும் தெரியாத முகம். தெருவில் இறங்கினால் கூட்டம் கூடிப் படம் எடுக்கும் பெண்ணை எந்த உளவுத்துறை வேலைக்கு எடுக்கும்? நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

பாதிராத்திரி வாசகி:
அந்த மதிப்புரையை எழுதியது நான்தான். ‘ஒருவர்’ என்று சுற்றி வளைக்க வேண்டாம், நேராகவே என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஜோசபின் பேக்கர். பாரிஸ் மேடைகளின் பெரிய நட்சத்திரம். 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகு, பிரெஞ்சு உளவு அதிகாரி ஜாக் அப்தேயைத் தன் உதவியாளர் என்று சொல்லிக் கூடவே லிஸ்பனுக்கு அழைத்துப் போனார். ஜெர்மன் படைகளைப் பற்றிய தகவல்கள் பேக்கரின் இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையில் இருந்தன. இசைத்தாள்! பாடகியின் பெட்டியில் இசைத்தாள் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? 2021இல் நாட்டின் பெரியவர்களுக்கான நினைவு மண்டபமான பாந்தியோனில் இடம் கொடுத்துப் பிரான்ஸ் அவருக்கு மரியாதை செய்தது. முகம் தெரிந்ததுதான் அவருக்கு மறைப்பு.

மரவட்டை:
ஒரே ஒரு ஆள். அதுவும் 1940. அன்று யார் கையில் கைப்பேசி இருந்தது? இன்று ரசிகர் எடுக்கும் ஒரு படம் போதும், அவள் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு நின்றாள் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். நாவல் நடப்பது இன்றைய காலத்தில். அப்புறம், புகழ் காப்பாற்றும் என்றால் பேர்போன நடனக்காரி மாதா ஹரியை ஏன் காப்பாற்றவில்லை? ஜெர்மன் உளவாளி என்று சொல்லிப் பிரெஞ்சுக்காரர்கள் 1917 அக்டோபர் 15இல் சுட்டுக் கொன்றார்கள்.

கடைசிப்பக்கம்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். உளவாளி என்று யாரைச் சொல்கிறோம்? தகவல் திரட்டுபவரையா, கடத்துபவரையா, ஆள் பிடித்துத் தருபவரையா? மூன்றும் வேறு வேறு வேலை. அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை தீரும்.

மரவட்டை:
அதெல்லாம் அப்புறம். முகம் தெரியுமா, தெரியாதா? கேள்வி அவ்வளவுதான்.

பாதிராத்திரி வாசகி:
சரி, அதற்கே பதில் சொல்கிறேன். மாதா ஹரி முகத்தால் பிடிபடவில்லை. மாட்ரிட்டில் இருந்த ஜெர்மன் அதிகாரி பெர்லினுக்கு அனுப்பிய வானொலிச் செய்திகளில் ‘எச்-21’ என்று அவரைக் குறித்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதை இடைமறித்துப் படித்தார்கள். யாருக்கும் தெரியாத முகமாக இருந்தாலும் அந்தச் செய்திகள் மாட்டிவிட்டிருக்கும். காதலை நாவலின் இட்டுக்கட்டு என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வாதிம் மஸ்லோவ் என்ற இளம் ரஷ்ய அதிகாரியைப் பார்க்க விட்டெல் என்ற பிரெஞ்சு ஊருக்குப் போக மாதா ஹரிக்கு அனுமதி தேவைப்பட்டது. அதைக் கேட்கப் போன இடத்தில்தான் பிரான்சுக்காக உளவு பார்க்கச் சொன்னார்கள்.

தூசித்தாள்:
முகத்தை விடுங்கள், எனக்கு வயதுதான் உறுத்துகிறது. பதினேழு வயதில் இதெல்லாம் முடியுமா? நிஜத்தில் நடந்தது நேர்மாறு. பிரிட்டிஷ் உளவாளி ஃபிலிஸ் லத்தூர் 1944 மே மாதம், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டியில் வான்குடையில் இறங்கியபோது அவருக்கு 23 வயது. பதினான்கு வயதுச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு, சைக்கிளில் சோப்பு விற்றபடி ஜெர்மன் வீரர்களிடம் பேச்சுக் கொடுத்தார். சங்கேதக் குறிகள் பட்டுத் துணியில், தலைமுடி கட்டும் நாடாவுக்குள். 135 செய்திகள் அனுப்பினார்.

மரவட்டை:
நன்றி தூசித்தாள், என் பக்கத்துக்கு நல்ல சாட்சி. லத்தூரை யாருக்கும் தெரியாது, அதனால் தப்பித்தார். வள்ளுவரும் இதைத்தான் சொல்கிறார், குறள் 585: ‘கடாஅ உருவொடு’.

பாதிராத்திரி வாசகி:
குறளைத் தொட்டுவிட்டீர்கள், இனி விடமாட்டேன். கடாஅ உரு என்றால் பார்ப்பவர் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்காத தோற்றம். பரிமேலழகரும் அப்படித்தான் பொருள் சொல்கிறார். ‘தெரியாத முகம்’ என்று அந்தக் குறளில் எங்கே இருக்கிறது? சோப்பு விற்கும் சிறுமியை யாரும் கேள்வி கேட்கவில்லை. இசைத்தாளோடு வந்த பாடகியையும் கேட்கவில்லை. இரண்டும் கடாஅ உருதான்.

மரவட்டை:
உரையாசிரியரைத் துணைக்குக் கூப்பிட்டால் தெருவில் கூட்டம் கூடாதா? போன மாதமும் இப்படித்தான், நான் படித்துக்கொண்டிருந்த கதையில் துரோகி யார் என்று வாதத்தின் நடுவே போட்டு உடைத்தீர்கள். இன்னும் அந்தப் புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை.

பாதிராத்திரி வாசகி:
அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன். அதை இங்கே இழுப்பது நியாயமில்லை. நாற்பது பக்கம் படித்துவிட்டு முந்நூறு பக்கப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதுவதும் நியாயமில்லை. நீங்கள் கேட்கும் கைப்பேசிப் படம்தான் ஐந்தாம் அத்தியாயமே. ரசிகர் எடுத்த படத்தில் பின்னால் நிற்பவன் யார் என்பதில்தான் கதை திரும்புகிறது. பதின்பருவத்துக் கதை என்றால் ஆராயாமல் எழுதுவார்கள் என்று பெரியவர்கள் முடிவு கட்டிக்கொள்கிறீர்கள். எனக்கு அதுதான் கோபம்.

மரவட்டை:
இதோ, மறுபடியும் கதையைச் சொல்லிவிட்டீர்கள்!

தூசித்தாள்:
வயதைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசிப்பக்கம்:
வரையறையைப் பற்றியும்.

மரவட்டை:
எத்தனை பக்கம் எழுதினாலும் நான் கேட்டது அப்படியே நிற்கிறது. ஊருக்கே தெரிந்த முகம். எப்படி ஒளிப்பாள்?

பாதிராத்திரி வாசகி:
அவள் முகத்தை ஒளிக்க வேண்டியதே இல்லை. இசைத்தாளை ஒளித்தால் போதும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். நாளைக்கு வந்து நான்காவது முறையும் சொல்வேன்.