செங்கல் சூளையில் முன்பணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்: இது கொத்தடிமையா? விடுவிப்புச் சான்று வாங்குவது எப்படி?

நெல்லிமரம் (கேள்வி)
வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்து இருளர் பழங்குடிக் குடும்பம் ஒன்று வேறொரு மாவட்டத்துச் சூளையில் கல் அறுக்கிறது. கணவன், மனைவி, 12 வயதுப் பையன். முன்பணம் 30,000 ரூபாய். வாரத்துக்கு 1,000 ரூபாய் செலவுக்காசு மட்டும் கொடுக்கிறார்கள். மீதியைச் சீசன் முடிவில் கணக்குப் பார்ப்பார்களாம். ஒரு சாவுக்குப் போகக் கேட்டதற்கு மனைவியையும் பையனையும் நிறுத்திக்கொண்டு கணவனை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். "கடன் வாங்கினது நிஜம்தானே, அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, இது கொத்தடிமையில் வராது" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அது சரியா? யாரிடம் மனு கொடுப்பது?

சட்டப்படி
சரியில்லை. 1976-ம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் அடி, பூட்டு, சங்கிலி எதுவும் நிபந்தனை இல்லை. பிரிவு 2(ஜி) கேட்பது இரண்டு. கடனோ முன்பணமோ (அல்லது வழக்கம், பரம்பரை போன்ற கட்டோ) இருக்கணும். அதற்காகக் கூலி இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ வேலை, வேறு வேலைக்குப் போக முடியாமை, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமை, விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்க முடியாமை, இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருக்கணும். ஒன்றே போதும்.

நீங்கள் சொன்னதில் இரண்டு நிற்கிறது. வாரம் 1,000 ரூபாயை இரண்டு பெரியவர்களுக்கும் ஏழு நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 71 ரூபாய்தான். பையன் கல் புரட்டினால் அந்த உழைப்பு கணக்கிலேயே இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. சாவுக்குக்கூட குடும்பத்தோடு அனுப்பாதது நடமாட்ட உரிமைப் பறிப்பு. மனுவில் இதைத் தேதியோடு எழுதுங்கள்.

பிரிவு 15-ஐயும் மறக்காதீர்கள். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. "ரசீது இருக்கா?" என்று தொழிலாளியிடம் கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

ஏரிக்கரை
மாவட்டம் மாறினால்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆட்களை விடுவித்து விடுவிப்புச் சான்று (கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற அத்தாட்சி, மறுவாழ்வுத் தொகைக்கு இதுதான் அடிப்படை) தரவேண்டியது சூளை இருக்கும் மாவட்டம். அங்குள்ள ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் (ஆர்.டி.ஓ அல்லது சார் ஆட்சியர்) மனு கொடுங்கள், நகல் உங்கள் ஆட்சியருக்கு. தொழிலாளிதான் கையெழுத்துப் போடணும் என்றில்லை, நீங்களே கொடுக்கலாம். சூளைக்குப் போகும் வழி, மேஸ்திரி (ஆள் கூட்டி வந்தவர்) பெயர், முன்பணம் வாங்கிய மாதம், குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயர், வயது எல்லாம் வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் கூடவே அணுகுங்கள். பழங்குடியினருக்கு வழக்கறிஞர் இலவசம், தொலைபேசி எண் 15100.

மனு போன சேதி சூளைக்குக் கசியக்கூடாது. கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு சூளைக்கு ஏற்றிவிடுவார்கள், அதிகாரிகள் போய்ப் பார்க்கும்போது குடிசை காலியாக இருக்கும்.

விசாரணையில் கேஸ் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முதலாளியும் மேஸ்திரியும் எதிரே நிற்க, அதிகாரிகள் "உன்னை யாராவது அடைச்சு வச்சாங்களா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க ஐயா" என்றுதான் பதில் வரும். வாக்குமூலத்தை வேறிடத்தில், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாங்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். கேள்வியும் மாறணும்: "கடைசியாக ஊருக்கு எப்போ போனீங்க? எத்தனை மணிக்கு மண் மிதிக்க எழுந்திரிப்பீங்க? வேற சூளைக்குப் போறேன்னா விடுவாங்களா?"

"கூலித் தகராறு, பேசி முடிச்சாச்சு" என்று வண்டி ஏற்றி ஊருக்கு அனுப்புவது கேஸைக் கெடுக்கும் இன்னொரு வழி. அதில் சான்று கிடைக்காது. ஆதாரும் ரேஷன் அட்டையும் மேஸ்திரியிடம் இருந்தால் விடுவிக்கும் அன்றைக்கே கேட்டு வாங்கணும்.

நெல்லிமரம்
ரொம்ப நன்றிங்க. அந்த 30,000-த்தைத் திருப்பிக் கட்டணுமா? சான்று குடும்பத்துக்கு ஒன்று போதுமா?

சட்டப்படி
கட்ட வேண்டாம். பிரிவு 6-ன்படி அந்தக் கடன் செத்துவிட்டது. அதற்காகப் பணம் வாங்கினால் பிரிவு 9-ல் 3 ஆண்டு வரை சிறை. வேலை வாங்கியதற்குப் பிரிவு 16-ல் 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். முதலாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லையென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவையும் (பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமை வேலை வாங்குவது) முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை
ஒரே சான்று கூடவே கூடாது. கணவன் பெயரில் மட்டும் எழுதி முடிப்பது வழக்கமாக நடக்கும் தவறு, நஷ்டம் பெண்ணுக்கும் பிள்ளைக்கும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளில் 3 லட்சம். பையன் வேலை செய்திருந்தால் அவன் பெயரிலும் தனிச் சான்று கேளுங்கள்.

உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. அதற்குத் தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய தொகைதான் வழக்கோடு பிணைந்தது. ஆனால் அங்கேயும் விசாரணை முடியவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் உதவித்தொகை கேட்கும் முன்மொழிவை ஆட்சியர் நிறுத்தக்கூடாது என்று திட்டத்திலேயே இருக்கிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

சான்றைக் கையில் வாங்கியதும் பெயரை ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "மு. காளி", "காளியம்மாள்" என்று மாறியிருந்தால் வங்கியில் பணம் நிற்கும். தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கா பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பணும்.